பிள்ளையைப் படிக்கப் போகும் பிள்ளை

உயர்தரப் பெறுபேறு வந்து இரண்டாம் கிழமை, குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளோடு பாதை என்ற மிதவைப் படகில் ஏறி மண்டூருக்குப் போனேன். தங்கச்சி வீட்டு முற்றத்தில் பாய் விரித்திருந்தது. பாயின் மேல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேடு, ஒரு அடிமட்டம், சிவப்புப் பேனை. மருமகள் தலையை நிமிர்த்தி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது:

"மாமா, சின்னப் புள்ளைகளப் பற்றியும் குடும்பத்தப் பற்றியும் படிக்கிறதுக்கு இதுல எந்த நம்பர்?"

மருத்துவத்துக்கு நம்பர் இருக்கிறது. பொறியியலுக்கும் சட்டத்துக்கும் முகாமைத்துவத்துக்கும் இருக்கிறது. அவள் கேட்டதற்கு ஒரு நம்பரை விரலால் தொட்டுக் காட்ட என்னால் முடியவில்லை. பரீட்சை முடிந்த நாள் முதல் அவள் ஊர் முன்பள்ளிக்குக் காலையில் உதவிக்குப் போய்வருகிறாள். முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் நாலு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்து, ஏன் ஒரு பிள்ளை கடிக்கிறது, ஏன் இன்னொன்று வாயே திறப்பதில்லை, ஏன் ஒன்று சோற்றைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போகிறது என்று யோசிக்கிறவள் அவள். அதைப் படிக்க ஒரு இடம் வேண்டும் என்கிறாள்.

"இவ்வளவும் படிச்சு மறுகா நேசரி ரீச்சராகத்தானா?" என்று அடுப்படியிலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, பயம் இருந்தது. முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பது என்ன என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சம்பளம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு சிறு கொடுப்பனவு.

இந்தக் கேள்வி என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பில் பிள்ளை தாயின் குடியை, அதாவது தாய்வழிக் குலத்தைச் சேர்ந்தது. என் குடிதான் என் தங்கச்சியின் பிள்ளைக்கும் குடி. என் சொந்தப் பிள்ளைகள் என் மனைவியின் குடி. கோயில் வண்ணக்கர் (அறங்காவலர்) உரிமை முதல் திருவிழா முறை வரை குடிவழியாகவே வரும். வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டுக்கு வருகிறான். அடுத்த பெண்ணுக்குக் காலம் வந்தால் தாயும் தகப்பனும் அந்த வளவுக்குள்ளேயே இன்னொரு வீட்டுக்குப் பெயர்ந்துவிடுவார்கள். ஆகவே ஒரு பிள்ளை பிறக்கும்போது அதைச் சுற்றித் தாயும், தாயின் தாயும், சின்னம்மாவும், பெரியம்மாவும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். தாய்மாமன் வேலிக்கு அந்தப் பக்கம் மனைவி வீட்டில் இருந்தாலும், படிப்பு, கலியாணம் என்று வந்தால் அவனுக்கு ஒரு ஆசனம் உண்டு. என் தங்கச்சி வீட்டு முற்றத்தில் நான் இருந்தது அந்த ஆசனத்தில்தான்.

இந்த ஒழுங்கை வெளியார் கவனித்து எழுதியிருக்கிறார்கள். 1876இல் கிறிஸ்டோபர் பிரிட்டோ இங்குள்ள முக்குவர் சமூகத்தின் சட்டத்தை நூலாக்கினார். மண்டூர்க் கந்தசுவாமி கோயிலை, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை நடக்கும் எங்கள் சின்னக் கதிர்காமத்தை, நடுவில் வைத்து மார்க் விற்றேக்கர் என்ற மானிடவியலாளர் 1999இல் ஒரு நூல் தந்தார். போர்க்காலத்தில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிள்ளைகள் எப்படி விளையாடினார்கள், எப்படி வளர்ந்தார்கள் என்று மார்கரட் ட்ராவிக் எழுதிய நூல் 2007இல் வந்தது. அடுத்த ஆண்டு டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றுத் தமிழரையும் சோனகரையும் அவர்களுடைய தாய்வழிக் குடும்பங்களையும் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். எல்லாம் ஆங்கிலத்தில். பகவத்கீதையை வெண்பாவில் தந்த புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை 1899இல் பிறந்த ஊர் மண்டூர். எழுத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆயினும் எங்கள் குடும்பம் எப்படிப்பட்டது என்று படிக்க எங்கள் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தைத்தான் தேடவேண்டியிருக்கிறது. எனக்கு இது பெரிய வலி.

குடும்பத்தைப் படிக்காமல் குடும்பத்துக்கு உதவப் போனால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோரமான எழுவான்கரை நெடுக வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குப் போன வீடும் வளவும் ஒரு படிவக் கோட்டால் கைமாறும் நிலை வந்தது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் அதற்கெதிராகக் குரல் எழுப்பின. கெட்ட எண்ணத்தோடு யாரும் அந்தக் கோட்டைப் போட்டிருக்கமாட்டார்கள். இந்த மண்ணில் வீடு யாருடையது என்று தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இல்லை, அவ்வளவுதான். குடும்ப ஆய்வு என்ற பாடத்துறையால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கோட்டின் கதையை.

இன்னொரு படிவம் இருக்கிறது. அதன் பெயர் குடும்பப் பின்னணி அறிக்கை.

படுவான்கரையில் வெளிநாடு போகாத வீடு குறைவு. வயல் ஒரு போகம், வாவியில் மீன் முன்போல இல்லை, கடன்காரன் கிழமைக்கு ஒரு நாள் படலைக்கு வருகிறான். அம்மா சவூதிக்கோ குவைத்துக்கோ கட்டாருக்கோ போகிறாள். 2013இல் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது, அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் யார் பராமரிப்பார் என்று பிரதேச செயலகம் அறிக்கை தரவேண்டும். 2022இல், பொருளாதார நெருக்கடியின் நடுவே, அந்த விதி தளர்த்தப்பட்டது. படிவத்தை நிரப்ப வருகிற உத்தியோகத்தர் கேட்பார், "பிள்ளையை யார் பார்ப்பா?" தாய் சொல்வாள், "அம்மா." அத்தோடு அந்தப் பெட்டி நிறைந்துவிடும்.

அந்த 'அம்மா' என்ற சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவரைத்தான் ஒரு நல்ல கற்கைநெறி உருவாக்கவேண்டும். அம்மம்மாவுக்கு வயது என்ன? கண் தெரியுமா? அவ ஏற்கெனவே எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறா? மாரியில் வீதிக்கு மேல் வெள்ளம் பாயும்போது, வேலிக்கு வெளியே யானை நிற்கும்போது, முன்பள்ளிக்குக் கூட்டிப்போவது யார்? தகப்பன் குடிக்கிறாரா? தாய் அனுப்பும் காசு யாருடைய கைக்கு வருகிறது? தாய் போன பிறகு அந்தப் பிள்ளை இரவில் யார் பக்கத்தில் படுக்கும்? கடைசிக் கேள்வியை எந்தப் படிவத்திலும் நான் கண்டதில்லை.

இங்கேதான் பாடப்புத்தகம் உதவிக்கு வருகிறது, கவனமாகப் படித்தால். ஜோன் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, சிறுவயதில் தாயின் அரவணைப்பை இழந்த பிள்ளைகளைப் பற்றி உலகத்தையே யோசிக்கவைத்தது. அதை அரைகுறையாகப் படித்தவர்கள் வெளிநாடு போன தாயைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். முழுதாகப் படித்தவருக்குத் தெரியும்: தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் வேறொருவரையும் பௌல்பி சேர்த்தே பேசினார். அவரோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வேர்த் 1950களின் நடுவில் உகண்டாக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், பச்சைக் குழந்தைகள் யாரிடம் ஓடுகின்றன, யார் எழுந்து போனால் அழுகின்றன என்று குறித்துவைத்தார். பல கைகள் பிள்ளை வளர்க்கும் வீடுகள் அவை. எங்கள் வளவுகளைப் போல. ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, மதுப்பழக்கம், நோய், சண்டை என்று எல்லாத் துன்பமும் ஒருமித்து விழுந்த பிள்ளைகளில்கூட மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தேறி வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அடிக்கடி காணப்பட்டது விட்டுப்போகாத ஒரு பெரியவர். பல வீடுகளில் அது பாட்டியாகவோ பாட்டனாகவோ இருந்தது.

மண்டூரில் எந்த அம்மம்மாவுக்கும் எமி வேர்னரைத் தெரியாது. ஆனால் ஒரு மண்டூர்ப் பிள்ளை அந்த ஆய்வைப் படித்தால், பக்கத்து வீட்டு அம்மம்மாவைப் பார்க்கும் பார்வை மாறும். அவ சும்மா இருக்கிற கிழவி என்ற எண்ணம் போய், அவவுக்கு மூக்குக்கண்ணாடி, முழங்காலுக்கு மருந்து, மத்தியானம் ஒரு மணித்தியாலம் ஓய்வு கிடைத்தால் அது பேரப்பிள்ளைக்கான முதலீடு என்று தெரியும். முதியோர் கொடுப்பனவும் பிள்ளை நலமும் வேறு வேறு மேசைகளில் இருக்கும் அலுவலகத்தில், இரண்டும் ஒரே வளவுக்குள் நடக்கும் ஒரே விசயம் என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

யூரி புரொன்பென்பிரெனர் என்ற அறிஞர் 1979இல் வெளியிட்ட நூலில், பிள்ளையை நடுவில் வைத்து வட்டம் வட்டமாக வரைந்தார். முதல் வட்டத்தில் வீடு, முன்பள்ளி. அதற்கு வெளியே, பிள்ளை ஒருநாளும் கால்வைக்காத ஆனால் பிள்ளையின் நாளை நிர்ணயிக்கும் இடங்கள்: தாயின் வேலைத்தலம், அலுவலகங்கள், சட்டங்கள். மண்டூருக்கு இந்த வட்டத்தை வரைந்தால் வெளிவட்டத்தில் ரியாத்தில் ஒரு சமையலறை வரும். அந்த வீட்டுக்காரி போனைப் பறித்து வைத்தால் இங்கே ஒரு பிள்ளை மூன்று நாள் சாப்பிடாது.

மூதூர் ரிசானா நபீக்கை இந்த இடத்தில் நினைக்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. 2005இல் சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனபோது, பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு வயது 17. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. போய்ச் சில வாரங்களில், அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கையில் புரைக்கேறியது என்பதே அவர் சொன்னது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரு குழந்தையைத் தூக்குவதும் பால் பருக்குவதும் பெண்ணாகப் பிறந்த எவளுக்கும் தானாகத் தெரியும், அதைப் படிக்கத் தேவையில்லை என்று உலகம் நினைக்கிறது. அந்த நினைப்பு ஒரு குழந்தையின் சாவிலும் இன்னொரு பிள்ளையின் சாவிலும் வந்து நின்றது. பிள்ளை வளர்ப்பு அறிவு. கற்கவேண்டிய அறிவு. என் தங்கச்சி 'நேசரி ரீச்சர்' என்று சொல்லும்போது என் நெஞ்சில் குத்துவது இதுதான்.

அந்த அறிவு எங்களிடம் இருந்ததில்லை என்று சொல்லவில்லை. முப்பத்தொன்றில் துடக்குக் கழித்தல், பல்லு முளைத்தால் கொழுக்கட்டை, விஜயதசமியில் ஏடு தொடக்கல் என்று பிள்ளையின் ஒவ்வொரு கட்டத்தையும் ஊர் கூடிக் கவனித்திருக்கிறது. பல்லுக்கொழுக்கட்டைக்கு வந்த பெரியாச்சி, "புள்ள இன்னும் தனிய இருக்குதில்லையே" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனால், அது இன்றைய மொழியில் வளர்ச்சிப் பரிசோதனை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியாக வந்த மிட்வைஃப், பிள்ளையின் நிறையை அட்டையில் புள்ளி வைத்து, கோடு இறங்கினால் வீடு தேடி வருகிறார். நிறைக்குக் கோடு இருக்கிறது. பேச்சுக்கும் பயத்துக்கும் விளையாட்டுக்கும் யார் வீடு தேடி வருவது?

இந்தப் பாடத்துறை மற்ற நாடுகளில் எப்படி முளைத்தது என்பதில் எனக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் கோரா பஸ்ஸி ஹில்லிஸ் என்ற தாய், சோளத்துக்கும் பன்றிக்கும் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற மாநிலம் பிள்ளைக்கு ஏன் வைக்கக்கூடாது என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1917இல் பிள்ளைகளுக்கான ஆராய்ச்சி நிலையம் அங்கே பிறந்தது. விவசாய மாவட்டமான எங்களுக்கு அந்த வாதம் அப்படியே பொருந்தும். நெல்லுக்கு ஆராய்ச்சி நிலையம் நாட்டில் இருக்கிறது.

இந்தியாவில் இது மனையியல் கல்லூரிகளின் வழியாக வந்தது. கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் செட்டியார் 1957இல் தொடங்கிய பெண்கள் மனையியல் கல்லூரியை இராஜம்மாள் தேவதாஸ் வளர்த்தெடுத்தார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பரோடாவில் மனித வளர்ச்சியும் குடும்ப ஆய்வும் என்ற பெயரிலேயே ஒரு துறை உண்டு. டில்லி லேடி இர்வின் கல்லூரி 1955 முதல் தன் வளவுக்குள்ளேயே பிள்ளை ஆய்வு நிலையம் ஒன்றை வைத்திருக்கிறது. மாணவி காலையில் பாடம் கேட்டுவிட்டு, அடுத்த மணித்தியாலம் உண்மையான பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறாள். எந்தக் கற்கைநெறி நல்லது என்று யாராவது என்னிடம் ஒரே ஒரு கேள்வியில் தீர்த்துவைக்கச் சொன்னால், அங்கே பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுதான் கேட்பேன்.

இனி மண்டூரிலிருந்து போகக்கூடிய வழிகள்.

எங்களுக்குக் கிட்டியது வந்தாறுமூலை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடத்துக்குள் கல்வி, பிள்ளைநலத் துறை என்று ஒன்று இருக்கிறது. என் மருமகள் தேடிய நம்பர் கையேட்டில் 'கலை' என்ற பெயருக்குள் ஒளிந்து கிடந்தது. பீடத்துக்குள் போய், முதலாம் வருடப் பாடங்களைத் தெரிந்து, நன்றாகச் செய்தால்தான் சிறப்புக் கற்கைக்குப் போகலாம். உள்ளே போன பிறகு தோழிகள் எடுக்கிறார்கள் என்று வேறு பாடம் எடுத்து வழிமாறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அனுமதி இசட் புள்ளியில். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டப் பங்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு அந்தப் பதினாறில் ஒன்று. படிப்பு இலவசம், தகுதியிருந்தால் மஹாபொல உதவித்தொகை. தமிழில் படிக்கலாம் என்பது சின்ன விசயமில்லை. மண்டூர்த் தாய் ஒருத்தியிடம் அவளுடைய துக்கத்தைக் கேட்டு எழுதவேண்டிய பிள்ளை, அந்தத் துக்கத்தை எந்தச் சொல்லால் சொல்கிறாளோ அதே சொல்லில் யோசிக்கப் பழகவேண்டும். அதோடு ஆங்கில வாசிப்பையும் விடக்கூடாது. மேலே சொன்ன புத்தகங்களுக்காகவாவது.

இரண்டாவது தாழங்குடா. மட்டக்களப்பு தேசிய கல்வியியல் கல்லூரியில் ஆரம்பக் கல்வி. இரண்டு வருடம் விடுதியில் இருந்து படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி, முடிவில் அரச ஆசிரிய நியமனம். தங்கச்சியின் பயத்துக்கு நேரடியான மருந்து இதுதான். வர்த்தமானியைத் தவறவிடாமல் பார்க்கவேண்டும். ஆனால் அங்கே பிள்ளை ஐந்து வயதில் வகுப்பறைக்குள் வரும் மாணவராகத்தான் அறிமுகமாகும். ஐந்து வயதுக்கு முந்தியதும், வகுப்பறைக்கு வெளியில் இருக்கும் குடும்பமும் தேடித்தான் படிக்கவேண்டும்.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் வைத்திருக்கிறது. முன்பள்ளிக் கல்வியில் அது நடத்தும் கற்கைகள், ஏற்கெனவே முன்பள்ளியில் நிற்கிற பெண்களுக்கு ஏற்றவை. வேலையை விடாமல் படிக்கலாம். சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம், 1952இல் வேர்விட்டது, சமூகப்பணியில் பட்டம் தருகிறது. களப்பயிற்சிதான் அதன் உயிர். பிள்ளையைவிடக் குடும்பத்தின் சிக்கல்களில் இறங்க விரும்புகிறவர்களுக்கு அது. உயர்தரம் கைவிட்டாலும் தேசியத் தொழிற் தகைமை நான்காம் மட்டத்தில் முன்பள்ளி ஆசிரியப் பயிற்சி உண்டு. அதிலிருந்து ஏணி மேலே போகும்.

கவனம் வேண்டிய ஒரு இடம். சனி, ஞாயிறுகளில் சிறுவர் உளவியல் டிப்ளோமா என்று பதாகை கட்டும் இடங்கள் பல. என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி காப்பை அடகுவைத்து அப்படி ஒன்றைப் படித்தாள். பட்டமளிப்பு அங்கி, படம், சட்டகமிட்ட சான்றிதழ் எல்லாம் கிடைத்தது. நேர்முகப் பரீட்சையில் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படித்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட ஒரு பிள்ளையின் முன்னால் அவளை உட்காரவைக்கவில்லை. காப்பு இன்னும் மீளவில்லை. காசு கட்டுமுன் பதிவு எங்கே, யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மருமகளின் கொப்பியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து சில கேள்விகள் எழுதினோம். மூன்று வருடத்தில் எத்தனை கிழமை பிள்ளைகளோடு? யார் கூட வந்து பார்த்துத் திருத்துவார்? விசேட தேவையுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பாடம் உண்டா? கடைசி வருட ஆய்வை எங்கள் ஊரில் செய்ய விடுவார்களா? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்வியை எழுதியது தங்கச்சி.

அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. கலைப் பட்டம் என்றாலே அந்தப் பந்தல்தான் தாய்மாருக்கு நினைவு வரும். பிரதேச செயலகங்களில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று மேசைகள் இருக்கின்றன. மாகாணத்துக்கு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. 1929 என்ற அதன் தொலைபேசி எண் எங்கள் பாடசாலைச் சுவர்களில் எழுதியிருக்கிறது. வேலை இல்லாமல் இல்லை. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றாலும் பயிலுநராக வந்து, பிறகு இந்த மேசைகளில் அமர்த்தப்படலாம் என்பதுதான் சிக்கல். பல் பிடுங்கப் பல் மருத்துவர் வேண்டும் என்று கேட்கிறோம். அடிவாங்கிய பிள்ளையோடு முதலில் பேசப்போகிறவர் பிள்ளையைப் பற்றிப் படித்திருக்கவேண்டும் என்று ஏன் கேட்பதில்லை? முன்பள்ளி ஆசிரியைக்குப் பாடசாலை ஆசிரியைக்குச் சமமான சம்பளம், சிறுவர் மேசைகளுக்குச் சிறுவர் கல்வி கற்றவர். இந்த இரண்டையும் மாகாணம் செய்தால், கையேட்டில் நம்பர் தானாக வரும்.

ஆண் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். முன்பள்ளி வாசலில் நான் எந்த ஆண் ஆசிரியரையும் கண்டதில்லை. தகப்பன் வயலில், தாய் ரியாத்தில் என்று வளரும் பொடியனுக்கு, தன்னோடு நிலத்தில் இருந்து களிமண் பிசையும் ஒரு அண்ணன் எவ்வளவு பெரிய விசயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியான அண்ணன்மாரை மட்டக்களப்பு ஒருகாலம் கண்டது. 1996இல் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். குண்டுச் சத்தத்துக்கு நடுவில் தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவந்து, மரத்தடியில் கதை சொல்லி, களிமண்ணும் வர்ணமும் கொடுத்து விளையாட விட்டார்கள். விளையாட்டுக் கூட்டாளிகளாக நின்றவர்கள் இந்த மாவட்டத்து இளைஞர்களும் யுவதிகளும். பிள்ளையிடம் என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்காமல், பிள்ளை சொல்ல விரும்பும் வரை பக்கத்தில் இருக்கும் பொறுமையை அவர்கள் பழகியிருந்தார்கள்.

அந்தப் பொறுமை இன்னும் தேவை. 2007 மார்ச்சில் போரினால் படுவான்கரை முழுவதும் பெட்டி படுக்கையோடு வாவியைக் கடந்தது. முகாம் கூடாரத்தில் பத்து வயதில் இருந்த பிள்ளை இன்று முன்பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய் அல்லது தகப்பன். பட்டாசு வெடித்தால் பிள்ளை அழுவதற்கு முன் தாய் நடுங்குகிறாள் என்று என் மருமகள் சொன்னாள். வீட்டிலிருந்து பிடித்துப்போகப்பட்டுத் திரும்பி வந்தவர்களும் திரும்பி வராதவர்களின் தம்பி தங்கச்சிகளும் இன்று பெற்றோர். பிள்ளையைப் படிக்கும் பாடமும் குடும்பத்தைப் படிக்கும் பாடமும் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். வந்தாறுமூலையில் பிள்ளைநலத் துறை இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு முன்பள்ளி, தாய்வழிக் குடும்பத்தையும் புலம்பெயர் தாய்மையையும் போருக்குப் பிந்திய பெற்றோரையும் சேர்த்துப் படிக்கும் ஒரு முழுமையான சிறப்புப் பட்டம், படுவான்கரைக் கிராமங்களில் ஒரு வருடக் களப்பயிற்சி. இதைக் கேட்கும் உரிமை இந்த மாவட்டத்துக்கு உண்டு.

அன்றிரவு தங்கினேன். மறுநாள் காலை மருமகளைப் பின்னால் ஏற்றி முன்பள்ளியில் இறக்கிவிட்டேன். எட்டு மணி. வாசற்படியில் ஒரு சின்னவள் அம்மம்மாவின் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிப் பிடித்தபடி உள்ளே போக மறுத்துக்கொண்டிருந்தாள். மருமகள் அவளைத் தூக்கவில்லை. பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அம்மம்மாவையும் இருக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அம்மம்மாவின் மடியில் போன் அடித்தது. ரியாத்தில் அப்போது காலை ஐந்தரை. வீட்டுக்காரர் எழும்புமுன் கிடைத்த ஐந்து நிமிடம். படியில் மூவரும் தலையைச் சேர்த்துத் திரையைப் பார்த்தார்கள். மருமகள் கையால் காட்டி, பிள்ளை நேற்றுக் கீறிய யானைப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவரச் சொன்னாள். அதை எடுக்க அந்தச் சின்னவள் தானாக எழும்பி உள்ளே ஓடினாள்.